உறுமுவதும் உம்மென்று இருப்பதும்: ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும்

கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "எத்தனை ஃபேன், எத்தனை லைட்டு?" என்பதுதான். இன்வெர்ட்டர் விற்பவரும் அதைத்தான் கேட்கிறார். ஜெனரேட்டர் விற்பவரும் அதையே கேட்டுவிட்டு, "மோட்டார் ஓட்டணுமா?" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார். இருவரும் கேட்காமல் விடுவது, உங்கள் ஊரில் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் கழித்து வரும் என்பதை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதை வாங்குவது என்பதை லோடைவிட இந்த நேரக் கணக்குதான் முடிவு செய்கிறது. அப்படிப் பார்க்கும்போது எதிர்பாராத உறவு ஒன்றும் கண்ணில் படுகிறது. ஒன்று உறுமுகிறது, மற்றது உம்மென்று இருக்கிறது. ஒன்று பெட்ரோல் கேட்கிறது, மற்றது தண்ணீர் கேட்கிறது. ஆனாலும் வீடுகளில் இரண்டும் கெடுவது பெரும்பாலும் உழைத்து அல்ல, சும்மா கிடந்து.

ஆற்றலை வைத்திருக்கும் விதத்திலிருந்து தொடங்கலாம். ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டல் ஜெனரேட்டருக்கு மூலம். 1859இல் கஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில மின்கலம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூலம். இரண்டிலும் ஆற்றல் தூங்குவது வேதிப்பொருளில்தான். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதற்குள் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்குள் இருப்பது காகிதக் கணக்கில் 1.8 யூனிட். ஆனால் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் அந்த ஒன்பதில் ஏழுக்கு மேல் வெப்பமாகவும் புகையாகவும் விட்டுவிடுகிறது. வீட்டு ஒயருக்கு வந்து சேர்வது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு யூனிட். பேட்டரியோ தன்னிடம் போட்டதில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பித் தருகிறது. ஒருவர் சொத்துள்ள ஊதாரி, மற்றவர் கையிருப்பு குறைந்த சிக்கனக்காரர். கடைசியில் இருவரும் எடுத்து நீட்டும் தொகை கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதுதான் வேடிக்கை: ஒரு லிட்டர் பெட்ரோலும், முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரியும், வீட்டுக்குத் தருவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட்தான்.

அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. அடுத்த லிட்டர் ஒரு நிமிடத்தில் டேங்கில் விழுந்துவிடும். அடுத்த சார்ஜுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதுவும் கரண்ட் வந்த பிறகு. இன்வெர்ட்டர் எந்த மின்வாரியக் கம்பியை நம்பாமல் வாங்கப்பட்டதோ, அதே கம்பிதான் அதற்குச் சோறு போட வேண்டும். ஜெனரேட்டருக்கு அந்தக் கம்பியின் தயவு தேவையில்லை; பெட்ரோல் பங்கின் தயவு தேவை.

லோடு விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரே மொழி. இரண்டும் வி.ஏ. கணக்கில்தான் விற்கப்படுகின்றன, அந்த எண்ணை வாட் என்று நினைத்து ஏமாறுவதும் இரண்டிலும் நடக்கிறது. 900 வி.ஏ. என்று எழுதிய இன்வெர்ட்டர் எழுநூறு வாட்டை ஒட்டி நின்றுவிடும். நான்கு பழைய ஃபேன் முந்நூறு வாட்; ஆறு எல்.இ.டி. பல்பு ஐம்பத்துச் சொச்சம்; வைஃபை பெட்டி பத்து வாட். இதுவரை நிம்மதி. ஃபிரிட்ஜைச் சேர்த்தால் ஓடும்போது நூற்றைம்பது வாட்தான் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதுபோல் பல மடங்கு இழுக்கும். அப்போது இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு ஓவர்லோடு விளக்கைக் காட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. ஜெனரேட்டரோ ஒரு முறை முக்கி, பல்புகளை மங்கவிட்டு, மீண்டும் பழைய சுருதிக்கு வருகிறது. மீள முடியாத அளவு கூடிவிட்டால்தான் அதன் பிரேக்கர் விழும். ஒரு குதிரைத்திறன் போர் மோட்டார் ஓடும்போது எடுப்பது முக்கால் கிலோவாட் சொச்சம்தான். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கேட்கும். அதனால்தான் அந்த மோட்டாருக்கு 3 கே.வி.ஏ. ஜெனரேட்டராவது வேண்டும் என்கிறார்கள் எலக்ட்ரீஷியன்கள். அதே மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்டால், பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள்.

சுருதி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சாதாரண சிறிய ஜெனரேட்டர் அந்த ஐம்பதைத் தன் உடம்பாலேயே செய்கிறது: நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை, உள்ளே ரோட்டர் சுற்றியாக வேண்டும். லோடு ஏறினால் வேகம் சற்றுக் குறையும், கவர்னர் பெட்ரோலைக் கூட்டி இழுத்துப் பிடிக்கும். ஜெனரேட்டரின் சத்தம் ஒரே சீராக இருப்பதற்கும், மிக்ஸி போட்டதும் மாறுவதற்கும் காரணம் இதுதான். இன்வெர்ட்டரில் சுற்றும் பொருள் எதுவும் கிடையாது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்கு நூறு முறை திசை மாற்றி, ஐம்பது சுற்றாக்கிவிடுகின்றன. மலிவான ஸ்குவேர் வேவ் வகை இதை முரட்டுத்தனமாகச் செய்யும். ஃபேன் ஙொய்யென்று முனகுவது அதனால்தான். சைன் வேவ் வகையில் அந்த முனகல் இல்லை. விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்பதால், இன்று ஸ்குவேர் வேவ் வாங்குவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த இரு குலமும் கலந்து பிறந்த ஒன்றும் சந்தையில் உண்டு. ஹோண்டாவின் இ.யு. வரிசை போன்ற இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் இன்ஜின் தன் இஷ்ட வேகத்தில் சுற்றுகிறது. வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு இன்வெர்ட்டர் கொண்டு சுத்தமான ஐம்பது சுற்றாகச் செதுக்குகிறார்கள். லோடு குறைவாக இருந்தால் இன்ஜின் மெதுவாக ஓடும், சத்தமும் பெட்ரோலும் குறையும். விலைதான் உறைக்கும்.

இப்போது நேரக் கணக்குக்கு வரலாம். 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இதற்குக் கிடைத்த பெரிய சோதனைக்கூடம். அந்த வருடம் சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வெட்டு, அதுவும் நேரம் சொல்லி. மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டியும் போனது. சென்னையில் இன்வெர்ட்டர் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு மணி நேரம் வேலை, இருபத்திரண்டு மணி நேரம் ஓய்வும் சாப்பாடும்; எந்த பேட்டரிக்கும் அது ராஜ வாழ்க்கை. மதுரையிலும் கோவையிலும் அதே இன்வெர்ட்டர் நொண்டியது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்று மாறி மாறி வந்தபோது பேட்டரி ஒருபோதும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. பாதிச் சார்ஜிலேயே நாள் கணக்கில் கிடக்கும் ஈய பேட்டரியில் தகடுகள்மேல் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஐந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரிகள் அப்படித்தான் பாதி வயதில் செத்தன.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் வேறொரு சோதனையை வைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்த டெல்டா மாவட்டங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. அங்கே இன்வெர்ட்டர்களின் பங்கு முதல் இரவோடு முடிந்துபோனது. அதன்பின் ஊர்களைத் தாங்கியவை ஜெனரேட்டர்கள்தான், அவையும் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தவை அல்ல. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மோட்டாரை ஓட்டி மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன ஜெனரேட்டர்கள். ஒரு வீட்டுக்கு நாளைக்கு அரை மணி நேரமே தேவைப்படும் எந்திரத்தை ஒரு வீடு தனியாக வாங்கிப் பூட்டி வைப்பது சரிதானா என்ற கேள்வியை அந்தக் குட்டியானைகள் எழுப்பிவிட்டுப் போயின. பேட்டரியை இப்படித் தெருவுக்குப் பொதுவாக வைக்க முடியாது. அது வீட்டோடு கட்டுண்டது. ஜெனரேட்டர் சக்கரம் கட்டியது.

இரண்டையும் ஒருசேரத் தோற்கடித்த சோதனையும் உண்டு, அது இலங்கையில் நடந்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. அதே நாட்களில் எரிபொருள் நிலையங்களின் முன்னால் கிலோமீட்டர் நீள வரிசை. ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கு ஊற்ற எண்ணெய் கிடைக்கவில்லை. இன்வெர்ட்டர் வைத்திருந்தவருக்கு ஏற்றக் கரண்ட் போதவில்லை. மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் தனித்தனி ஆபத்துகள் என்று நம்பித்தான் நாம் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்நியச் செலாவணி வற்றியபோது, இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது தெரிந்தது. யாழ்ப்பாணத்தின் மூத்தவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1990களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். ஜெனரேட்டரின் மிகச் சிறிய, பெட்ரோல் கேட்காத வடிவம் அது.

பராமரிப்புக்கு வந்தால் ஒப்புமை இன்னும் நெருங்குகிறது. இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டையும் வாங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டிராலியை வெளியே இழுத்துப் பாருங்கள். பேட்டரியின் முதுகில் ஆறு மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவைக் குச்சி. குச்சி பச்சைக் கோட்டில் நின்றால் தண்ணீர் போதும், சிவப்புக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஆறும் ஒரே அளவில் இறங்கியிருப்பது ஆரோக்கியம். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் வேகமாக வற்றினால், அந்த அறைக்கு ஆயுள் முடிகிறது என்று பொருள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் அல்ல. எனவே ஆசிட் ஊற்றி "பவர் ஏத்தித் தரேன்" என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. குடிக்க நல்லதாக இருக்கும் அந்தத் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் உப்பு, தகட்டுக்கு ஆகாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியை, இணைப்பைக் கழற்றிவிட்டு வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி முடுக்கி, மேலே வாசலின் தடவினால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. முக்கியமான வேலை இனிமேல்தான்: மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் வீட்டை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டும். மின்வெட்டே இல்லாத ஊரில் பேட்டரி எந்நேரமும் சொட்டுச் சார்ஜிலேயே நிற்கிறது. கனமான அமிலம் அடியில் தங்கி, லேசானது மேலே நிற்க, தகடுகள் சமமாக வேலை செய்வதை மறந்துபோகும். நாமே உண்டாக்கும் ஒரு மின்வெட்டுதான் அதற்கு மருந்து.

இப்போது பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஜெனரேட்டரிடம் போகலாம். பெட்ரோல் வால்வைத் திற, சோக்கை இழு, கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் இழு. ஆறு மாதம் தொடாத எந்திரம் இந்த இழுப்புக்கு மசியாது. கார்பரேட்டரின் ஜெட், ஊசி முனை அளவுத் துளை; அதில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருக்கும். பெட்ரோல் இரண்டு மூன்று மாதத்துக்குமேல் அப்படியே கிடந்தால் தரம் இழக்கும். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. வழி எளியது: ஓட்டி முடித்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் பெட்ரோல் வால்வை மூடிவிட வேண்டும். கார்பரேட்டரில் இருக்கும் மிச்சத்தையும் குடித்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும். இன்ஜின் ஆயிலைப் புது எந்திரத்தில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்கிறார்கள். இதில் "அல்லது" என்ற சொல்லைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஓடவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்கிறார்கள். ஈரமும் ஆக்சிஜனும் மணி நேரக் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கேயும் மருந்து அதே மருந்து: மாதம் ஒரு முறை, இருபது நிமிடம், வெறுமனே அல்ல, லோடு போட்டு ஓட்ட வேண்டும்.

மண்ணெண்ணெய் ஜெனரேட்டரைப் பழக்கியவர்களுக்கு இந்த ஒழுங்கு கைவந்த ஒன்று. ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்று கடைத்தெரு முழுக்க உறுமிக்கொண்டிருந்த காலத்தில், பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுவார்கள். கடைசி மாற்றத்தை மறந்தால் மறுநாள் மாலை குளிர்ந்த இன்ஜினுக்குள் மண்ணெண்ணெய் நிற்கும், கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

சும்மா கிடப்பதன் தண்டனையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இனிமேல் வருவது. நீண்ட நாள் ஓடாத ஜெனரேட்டர் சில சமயம் நன்றாகக் கிளம்பும், நன்றாக உறுமும், ஆனால் பல்பு எரியாது. இன்ஜினில் குற்றமில்லை. ரோட்டரின் இரும்பில் மிஞ்சியிருக்க வேண்டிய கொஞ்சம் காந்தம் மறைந்துபோயிருக்கும். அந்த விதைக் காந்தம் இல்லாமல் ஆல்டர்னேட்டரால் மின்சாரத்தைத் தொடங்க முடியாது. பிரஷ் வகை ஜெனரேட்டர் என்றால் மெக்கானிக் என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து, ஃபீல்டு ஒயரில் சில நொடி தொட்டு எடுக்கிறார். காந்தம் திரும்பிவிடுகிறது. உறுமும் எந்திரத்துக்கு உயிர் கொடுக்க, உம்மென்று இருக்கும் பெட்டிதான் வர வேண்டியிருக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் ஜெனரேட்டரில் இந்த உறவு இன்னும் அப்பட்டம்: அதன் அடியில் ஒரு சின்ன ஈய பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, முதலில் சாவதும் அதுதான். ஆக, ஜெனரேட்டர் வாங்கினால் பேட்டரிக் கவலை இல்லை என்று நினைத்தவரும் ஒரு பேட்டரியைத்தான் வளர்க்கிறார்.

கைம்மாறும் உண்டு. நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர்தான் வர வேண்டும். இந்தத் திருமணம் சொல்வதற்கு அழகு, நடத்துவதில் கொஞ்சம் சச்சரவு. பேட்டரி பத்துப் பதினைந்து ஆம்பியரில் நிதானமாகத்தான் சாப்பிடும். அதாவது இருநூறு வாட் அளவு. அதற்காக மட்டும் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரைப் பத்து மணி நேரம் ஓட்டினால் பெட்ரோல் கரைந்துவிடும், ஏனென்றால் லோடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் எரிபொருள் அந்த விகிதத்தில் குறைவதில்லை. எனவே காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஜெனரேட்டரைப் போட்டு, அந்த நேரத்துக்குள்ளேயே ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, செல்போன் எல்லாவற்றையும் முடித்து, இன்வெர்ட்டருக்கும் முடிந்த அளவு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, இரவின் ஃபேனையும் லைட்டையும் பேட்டரியிடம் விடுவதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது. மோட்டாரையும் ஓட்ட வேண்டுமென்றால் ஜெனரேட்டரின் அளவு கூட வேண்டும், மோட்டார் கிளம்பும் நேரத்தில் மற்றதையெல்லாம் அணைத்து வைக்கவும் வேண்டும். இன்னொரு சிக்கல்: ஜெனரேட்டரின் மின்சாரம் ஏறி இறங்குவதைப் பார்த்து, இன்வெர்ட்டர் அதை மின்சாரம் என்றே ஏற்க மறுப்பதுண்டு. பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை யு.பி.எஸ். நிலையிலிருந்து சாதாரண நிலைக்கு மாற்றினால், அகலமான வோல்டேஜ் எல்லையை ஏற்றுக்கொண்டு சமாதானமாகிவிடும்.

ஆபத்திலும் சமச்சீர் தெரிகிறது, ஆனால் அதை நம்பி ஏமாறக் கூடாது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும், எனவே காற்றோட்டம் வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு வரும், எனவே காற்றோட்டம் வேண்டும். வாக்கியம் ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. பேட்டரியை மூடிய அலமாரியில் வைக்காமலும், பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தாமலும் இருந்தால் போதும். ஜெனரேட்டருக்கு ஜன்னலைத் திறந்து வைப்பது போதவே போதாது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். பால்கனி, கார் ஷெட், மாடிப்படி அடி எதுவும் ஜெனரேட்டருக்கு இடமல்ல. வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். அடுக்குமாடியில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடுகிறது, இன்வெர்ட்டர்தான்.

இணைப்பிலும் அப்படித்தான். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தன்னை மின்வாரியக் கம்பியிலிருந்து தானே துண்டித்துக்கொள்ளும்; உள்ளே இருக்கும் ரிலேயின் வேலை அது. ஜெனரேட்டருக்கு அந்தப் புத்தியை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதை வைக்காமல், இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியேறி, தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக நுழைந்து 11,000 வோல்ட்டாக மாறி, லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தொடும். புயலுக்குப் பிந்தைய நாட்களில் இதைவிடப் பெரிய பொறுப்பின்மை எனக்குத் தோன்றவில்லை. கூரையில் சோலார் போட்டவர்கள் சிலர், கரண்ட் போனதும் வெயில் கொளுத்தும்போதே தங்கள் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று கோபப்படுவதற்குக் காரணமும் இதே லைன்மேன்தான். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், கம்பியில் உயிர் இல்லையென்றால் தானும் அடங்கிவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது.

செலவுக் கணக்கில்தான் பலரின் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நிலையில், ஜெனரேட்டர் யூனிட் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாது, லேசான லோடில் அதற்கு மேலும் போகும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டை இலவசமாகத் தரும் மாநிலத்தில் இது கொள்ளை என்று தோன்றும். இன்வெர்ட்டரின் யூனிட்டோ கண்ணுக்குத் தெரியாதது, அதனால் மலிவு என்று நினைக்கிறோம். போட்டுப் பார்ப்போம். பேட்டரி பதினைந்தாயிரம் ரூபாய், ஆயுள் ஐந்து வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு மூவாயிரம். வருடத்தில் ஐம்பது மணி நேரமே கரண்ட் போகும் நகரத்தில், இருநூறு வாட் லோடில், அது தரும் மின்சாரம் பத்து யூனிட். யூனிட் முந்நூறு ரூபாய்! போதாததற்கு, சும்மா நிற்கும்போதே இன்வெர்ட்டர் பத்து முதல் இருபது வாட் வரை தின்றுகொண்டிருக்கும். பதினைந்து என்று வைத்தாலும் வருடத்துக்கு நூற்று முப்பது யூனிட் ஆகிறது. பத்து யூனிட் கொடுப்பதற்கு நூற்று முப்பது யூனிட் சாப்பாடு. மின்வெட்டு குறையக் குறைய இந்த அபத்தம் கூடும். மின்வெட்டு கூடினால் குறையும். ஜெனரேட்டர் இதற்கு நேர் எதிர்: ஓடாத நாளில் அதற்கு ஆயிலைத் தவிரச் செலவே இல்லை, ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் பர்ஸைத் தொடும். அரிதான வெட்டுக்கு இன்வெர்ட்டர், அடிக்கடி வரும் வெட்டுக்கு ஜெனரேட்டர் என்று ஊர் நினைக்கிறது. பணக் கணக்கு சொல்வது தலைகீழ்.

ஆனால் யாரும் யூனிட் விலை பார்த்து இன்வெர்ட்டர் வாங்குவதில்லை என்பதும் உண்மை. இரவு இரண்டு மணிக்கு ஃபேன் நிற்காமல் இருப்பதற்குத்தான் அந்த முந்நூறு ரூபாய். கயிறு இழுக்க யாரும் எழுந்துபோக வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்ள வேண்டாம். அந்த வகையில் என் தேர்வு இப்படி அமையும். நகரத்து ஃபிளாட்டுக்கு இன்வெர்ட்டர் ஒன்றே போதும், அதுவும் சிறியதாக. 75 வாட் ஃபேன்களை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், பெரிய பேட்டரி வாங்கும் காசு மிஞ்சும். தண்ணீர் ஊற்றவே மாட்டேன் என்று தெரிந்தவர்கள் லித்தியம் பேட்டரிக்குப் போகலாம். விலை அதிகம், ஆனால் வேகமாகச் சார்ஜ் ஏறும், மறதியையும் மன்னிக்கும். கடலோர மாவட்டத்தில் போர் மோட்டாரோடு தனி வீடு என்றால், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கட்டும், வாசலில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சும் வெளிப்புற சாக்கெட்டும் இருக்கட்டும். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்கலாம், நான்கு வீடு சேர்ந்தும் வாங்கலாம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும் வீடு மட்டும் இந்தச் சிக்கனத்துக்கு விலக்கு. ஐந்து லிட்டர் எந்திரம் ஏறக்குறைய 350 வாட் எடுக்கும், ஒரு பேட்டரி நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது. அங்கே இரண்டும் வேண்டும், கூடவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டும்.

வயதான பிறகு இரண்டும் போகும் இடங்களும் வேறு. செத்த பேட்டரியைக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். புதியதன் விலையில் நல்ல தொகை கழிகிறது, ஈயம் உருகி அடுத்த பேட்டரிக்குள் போகிறது. ஜெனரேட்டரை அப்படி எடைக்குப் போட வேண்டியதில்லை. கார்பரேட்டர் அடைத்து, காந்தம் மறந்து, பின்கட்டில் கிடந்ததை மைக்செட் கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டு வாங்கிப் போவார். ஜெட்டைக் கழுவி, ஆயில் மாற்றி, பேட்டரியால் தொட்டு, கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம் என்று வாரம் தவறாமல் வண்டியில் ஏற்றுவார். பிறகு அது பல வருடம் ரிப்பேர் ஆகாமல் ஓடும்.